புகைக்கூண்டை அடைத்தது யார்?

சூலூருக்குக் கிழக்கே, வெறும் பாறை என்று எல்லோரும் கைவிட்ட நிலத்தில் எட்டுத் தறி ஓடும் கொட்டகை கட்டினேன். அதே பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். தண்ணீர் வராது என்று சிரித்தவர்களே பிறகு குடத்தோடு வந்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன், மகனை இன்ஜினியர் ஆக்கினேன். வீடும் கட்டினேன். மனைவிக்கு இருமல் இருந்ததால், அவள் கேட்காமலே சமையலறையில் விறகடுப்புக்கு மேல் ஒரு புகைக்கூண்டும் எழுப்பினேன்.

கேஸ் வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு அவளுக்கு விறகடுப்பில்தான். அவள் போய் மூன்று வருடமாகிறது. அடுப்பு எரியாததால் கூண்டுக்குள் புறாக்கள் குடியேறின. அவை குனுகுகிற சத்தம் கீழே இறங்கி, சமையலறையில் யாரோ தனக்குள் பேசிக்கொண்டே வேலை பார்ப்பதுபோல் கேட்கும். ஒரு மத்தியானம் "வாரேன்" என்று பதில் சொல்லி எழுந்தும் போய்விட்டேன். காலி அடுப்பைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐப்பசி மழையில் கூண்டு வழியாகக் கரித்தண்ணீர் வழிந்தது. தறிக்காரன் புத்தி, எந்த ஓட்டையைக் கண்டாலும் கழிவு நூலைத் திணிக்கும். ஒரு சாக்கு நூலைக் கம்பால் குத்தி ஏற்றினேன். அது மழையைக் குடித்து ஊதி, நான்கு நாளில் நாறியது. ஞாயிறன்று பீளமேட்டிலிருந்து வந்த மகன் கம்பை உள்ளே விட்டு இழுத்தான். கருப்பு நூல் பொத்தென்று அவன் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"ஏனுங்கப்பா, கேஸ் அடுப்புக்குப் பக்கத்துலயே நூலை அடைச்சு வெச்சிருக்கறீங்க! காஞ்சுதுன்னா ஒரு பொறி போதுமுங்க."

"மழை நின்னா எடுத்துப்போடுவேன்."

"அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள இது சரியாகலைன்னா நீங்க எங்ககூட வந்தர்றீங்க. ஊட்டைப் பூட்டிப்போடலாம்."

"பூட்டறதுக்கா கட்டுனேன்?"

"தனியாக் கெடந்து என்னத்தைக் காப்பாத்தறீங்க?"

அவன் குடியிருப்பில் பத்து நாள் இருந்து பார்த்திருக்கிறேன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஆளாளுக்கு வேலை செய்வார்கள். இருமல் வந்தால் மொட்டைமாடிக்குப் போய் இருமிவிட்டு வருவேன்.

மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டேன். கூண்டை இடித்துவிடலாம் என்றார். அவ்வளவு செலவு எதற்கு என்றேன்.

"அப்ப மேலயும் கீழயும் சிமெண்ட்டுப் பூசி அடைச்சுப்போடலாமுங்க."

"வேண்டாம். ரெண்டு பக்கமும் பூசினா உள்ள ஈரம் நின்னு செவுரு ஊறிப்போகும். காத்துப் போகோணும், மழை எறங்கக் கூடாது."

"நீங்க எந்தக் காலேசுங்க?"

"மூணாங்கிளாசு."

காற்றில்லாத அறையில் நூல் கட்டுகளை வைத்து ஒரு மழைக்காலம் முழுக்கப் பூஞ்சை பிடிக்கவிட்டவன் நான். அந்த நஷ்டம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

முதலில் குளியலறை வெந்நீர் அடுப்பில் தேங்காய் மட்டையைப் போட்டுப் பற்றவைத்தேன். கட்டி இத்தனை வருடத்தில் அதன் குழாய் எங்கே போகிறது என்பது மறந்திருந்தது. அந்தப் புகையும் இந்தக் கூண்டில்தான் போகிறது என்றால், இதை மூடினால் குளிக்கிறவன் மூச்சுமுட்டிச் சாக வேண்டியதுதான். நல்லவேளை, புகை பின்பக்கத் தனிக்குழாயில் போனது. கூட்டில் முட்டையோ குஞ்சோ இல்லை என்று கொத்தனாரைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மிச்சமிருந்த நூலையும் கரியையும் எடுக்கவைத்தேன். கொட்டகையில் கிடந்த கடப்பாக் கல்லை, நாலு மூலையிலும் செங்கல் துண்டு கொடுத்து, சுற்றிலும் விளிம்பு வெளியே நீட்டும்படி மேலே உட்காரவைத்தோம். இடைவெளியில் பறவை நுழையாதபடி கம்பிவலை. கீழே ஆணியால் துளை போட்ட பழைய தகரம், வேண்டும்போது கழற்றிப் பார்க்கத் திருகாணி. வலையும் திருகாணியும்தான் கடையில் வாங்கியது. இப்போதெல்லாம் நான் ஏணி ஏறுவதில்லை. கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் புறாக்கள் கல்லின்மேல் கொஞ்ச நேரம் நடந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. டீ போட்டுச் சமையலறையிலேயே நின்று குடித்தேன். டம்ளரை மேடையில் வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

அந்த வாரமும் நல்ல மழை. ஞாயிறன்று மகன் செல்போன் விளக்கை அடித்து, தகரத்தைத் தடவிப் பார்த்தான். சொட்டு ஈரம் இல்லை.

"கொத்தனாரு நல்லாத்தான் பண்ணியிருக்காருங்க" என்றான். படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டான். நல்ல கொத்தனார் கிடைத்ததால் அப்பா வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதியிருந்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமானது. வீட்டைப் பூட்டும் பேச்சை அவன் எடுக்கவில்லை. ஆனால் நாளைக்கு ஒரு குழாய் உடைந்தால் எடுப்பான். இந்தக் கிழவனால் எதுவும் ஆகாது, யாரோ வந்துதான் சரிசெய்தார்கள் என்றுதானே அந்தக் குழுவில் எழுதி வைத்திருக்கிறது?

கொத்தனார் ஏறினார், கல்லைத் தூக்கினார், நல்ல கைவேலை. அவர் பங்கை நான் மறுக்கவில்லை. பூச வேண்டாம் என்றவனும், அடுப்பை எரித்துப் பார்த்தவனும், நாலு மூலைக்குச் செங்கல் கொடுக்கச் சொன்னவனும் நான். எனவே மகனே, அதே குழுவில், அதே படத்துக்குக் கீழே, எல்லோரும் படிக்கும்படி எழுது: யோசித்துச் செய்வித்தது அப்பா.