கழுத்தில் வந்த கசம்

சவரம் செய்யும்போது கத்தி ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. இடது காதுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு நெறி. வலி இல்லை. சட்டைக் கழுத்தை உயர்த்திவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ஒனிஹங்கா என்ற இடத்தில் பஸ் கழுவும் வேலை. அங்கே யாரும் என் கழுத்தைப் பார்ப்பதில்லை.

எலுமிச்சை அளவுக்கு வந்தபோது மனைவி வசந்தி கண்டுவிட்டாள். மருத்துவமனையில் ஊசியால் குத்தி எடுத்துப் பரிசோதித்தார்கள். நிணநீர்க்கணுக் காசநோய் (கழுத்து நெறிகளைப் பிடிக்கும் கசம்) என்றார் மருத்துவர். நுரையீரலில் எதுவும் இல்லை. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. போர் எங்களை இடம் இடமாகத் துரத்திய காலம் அது. அதனால் மகள் ஆரணிதான் மொழிபெயர்த்தாள்.

"இது மற்ற ஆக்களுக்குத் தொத்தாதாம் அப்பா. எப்பவும் போல இருக்கலாமாம்."

மருத்துவர் கையுறை இல்லாமல் என் கழுத்தைத் தடவினார். எனக்குக் கூசியது. என் மனம் நோகக்கூடாதென்று மகள் மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அகதி முகாமில் கசம் வந்தவரின் கோப்பையை யாரும் தொடாததைக் கண்டவன் நான்.

ஹில்ஸ்பரோவில் இருக்கும் எங்கள் வீட்டின் கராஜுக்குக் கட்டிலை மாற்றினேன். எனக்கென்று தட்டு, கோப்பை. சோற்றை வாசலில் வைத்துவிட்டுப் போகும்படி வசந்தியிடம் சொன்னேன். வைத்தாள். போகவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே நின்றாள்.

ஆரணி பல்கலைக்கழகத்தில் பழைய ஐரோப்பிய வரலாறு படிக்கிறாள். மாலையில் கராஜ் வாசலில் கதிரை போட்டுப் படிப்பாள்.

"என்ன வாசிக்கிறாய்?"

"பிளேக் அப்பா. அதுக்கும் நெறி கட்டும், பட் வேற கிருமி. கொஞ்ச நாளிலயே செத்துப்போயிடுவினம். பயத்தில பிள்ளையளையே விட்டிட்டு ஓடினவை."

"ஓடினது சரிதானே."

"எல்லாரும் ஓடேல்ல."

குருமாரில் ஓடியவர்களும் உண்டு, நோயாளிகளோடு இருந்து செத்தவர்களும் உண்டு என்றாள். அதே காலத்தில் இங்கிலாந்து அரசரும் பிரான்சு அரசரும் தலைமுறை தலைமுறையாகப் போர் செய்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் இரண்டு போப்பாண்டவர்கள். யாரை நம்புவதென்று சனங்களுக்குத் தெரியவில்லையாம். அந்தச் சனங்களை எனக்கு நன்றாகப் புரிந்தது.

"உங்கட இந்த நெறி வருத்தமும் அங்க இருந்தது அப்பா. கிங் தொட்டா மாறும் எண்டு வரிசையில நிண்டவை. சண்டை பிடிச்ச ரெண்டு பக்கக் கிங்சும் தங்கட கைதான் மருந்து எண்டவை."

"மாறினதோ?"

"சிலருக்குத் தானா வத்தும். பேர் கிங்குக்கு."

கராஜுக்கு வந்தபின் அன்றுதான் சிரித்தேன். "கிங்குக்குத் தொத்தேல்லையோ?" என்று கேட்டேன்.

"தொத்தினதா நான் ஒண்டும் வாசிக்கேல்ல" என்றாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

அப்போதும் நான் வீட்டுக்குள் போகவில்லை.

கசத்துக்குத் தந்த மாத்திரைகளில் ஒன்று சிறுநீரையும் கண்ணீரையும் செம்மஞ்சள் ஆக்கும், உங்களுக்கு அப்படி வந்தால் பயப்படாதீர்கள். நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. இரண்டாம் மாதம் நெறி இன்னும் வீங்கி உடைந்தது. முரண் எதிர்வினை (மருந்து வேலை செய்யும்போதே வீக்கம் கூடுவது) என்று பிறகு விளக்கினார்கள். அந்த நேரம் மருந்து தோற்றுவிட்டது, இனி நான் இல்லை என்றே நினைத்தேன். சீழில் சட்டை நனைந்தது.

சோற்றோடு வந்த வசந்தி வாசலில் நிற்கவில்லை.

"உள்ள வராதையும். தள்ளி நில்லும்" என்றேன்.

"இஞ்சேருங்கோ, இங்க ராசா ஒருத்தரும் வரப்போறேல்ல. நான்தான் வந்திருக்கிறன். கழுத்தைத் திருப்புங்கோ."

சுத்தமான துணியால் ஒற்றினாள். மற்றக் கை என் தாடையைத் தாங்கியது. தோலுக்கும் பசி உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது. செம்மஞ்சள் கண்ணீர் அவள் மணிக்கட்டில் விழுந்தது.

"என்னப்பா, தோடம்பழம் பிழிஞ்ச மாதிரி அழுறீங்கள்" என்றாள். அவளும் அழுதாள், அவளுடையது வெறும் தண்ணீர்.

மறுநாள் தாதி அவளுக்குக் கட்டுப்போடப் பழக்கினார். ஆரணி ஒரு பக்கம் பிடிக்க, கட்டில் வீட்டுக்குள் போனது.

நுரையீரலில் காசநோய் என்றால், மருத்துவர் சொல்லும்வரை ஒதுங்கியிருங்கள். என்னைப்போல் கழுத்தில் மட்டும் என்றால், தட்டைப் பிரிக்காதீர்கள். நாம் ஒதுங்கினால் வெளியே நிற்பவர்களுக்கும் அது தண்டனை.

மருந்து முடிந்துவிட்டது. தழும்பு கழுத்தை இழுத்துப் பிடிக்கிறது. முன்பெல்லாம் யாராவது கூப்பிட்டால் தலையை லேசாகத் திருப்பிவிட்டு நழுவிவிடுவேன். இப்போது தலை மட்டும் தனியாகத் திரும்புவதில்லை. முழு உடம்போடும் திரும்பவேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அதுவரை கூப்பிட்டவர்கள் நிற்கிறார்கள்.