மச்சாள் வீட்டுப் பேஸ்மென்டில் ரேடன்

வால்தம்ஸ்டோவில் என் கணவரின் அக்கா வாங்கியிருந்த பழைய வீட்டின் பேஸ்மென்டில் நாங்கள் நான்கு வருடம் குடியிருந்தோம். அந்த அக்காவை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். ஒரு காலத்தில் கரி கொட்டிவைத்த இடமாம் அது. அதற்கு வெள்ளை அடித்து, ஒரு மூலையில் குளியலறை வைத்து, எங்களைக் குடியேற்றினா. இருந்த ஒரு ஜன்னலையும் குளிருக்குப் பயந்து நாங்கள் திறப்பதில்லை. வாடகையை ஒழுங்காகக் கொடுத்தும், தம்பியைச் சும்மா வைத்திருப்பதாக அவ கோயிலில் நின்று சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அவவில் எனக்கு ஒரு நாளும் அன்பு இருந்ததில்லை. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

ரேடன் என்ற சொல்லை வேலையிடத்தில்தான் முதலில் கேட்டேன். நிலத்துக்குக் கீழே இருந்த ஒரு ஸ்டோரில் மருந்துப் பெட்டிகள் கட்டுவது என் வேலை. ஒருநாள் பாதுகாப்பு அலுவலர் வந்து உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு பிளாஸ்டிக் டப்பிகளைத் தட்டுகளில் வைத்தார். என்னவென்று கேட்டேன். ரேடனை அளக்கிற டப்பிகளாம். ரேடன் மண்ணிலிருந்து கசிந்து வருகிற வாயு, மணமும் இல்லை நிறமும் இல்லை, காற்றோட்டமில்லாத அறைகளில் தேங்கும் என்றார். வருடக்கணக்காகச் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரக்கூடுமாம், சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடவாம். லண்டனில் பெரும்பாலும் பயமில்லை, ஆனால் நிலத்துக்குக் கீழே ஆட்கள் இருக்கும் அறையென்றால் எந்த ஊரிலும் சோதித்துப் பார்ப்பது நல்லது என்றும் சொன்னார். என் கணவர் சிகரெட் பிடிப்பவர். அன்று பஸ்ஸிலேயே போனில் இரண்டு டப்பிகளுக்குச் சொல்லிவிட்டேன்.

ஒன்றைப் படுக்கையறையிலும் மற்றதை சோபாவுக்குப் பக்கத்திலும் வைத்தேன். மூன்று மாதம் அசையாமல் இருக்கவேண்டும், பிறகு லாபுக்குத் தபாலில் அனுப்பவேண்டும். பொயிலர் பார்க்க வந்த மச்சாள் கண்டுவிட்டு என்னவென்று கேட்டா. சொன்னேன். அவவின் முகம் சுருங்கியது. தன் வீட்டில் நஞ்சு இருக்கிறதென்று ஊருக்குச் சொல்லித் திரியப் போகிறேனா என்று கேட்டா. இல்லை, எங்களுக்குத் தெரிந்தால் போதும் என்றேன். அடுத்த நாள் வேலை முடிந்து வந்தபோது இரண்டு டப்பிகளும் இல்லை. வெளியே குப்பைத் தொட்டியில், உருளைக்கிழங்குத் தோலுக்குக் கீழே கிடந்தன. நாங்கள் இல்லாத நேரம் தன்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்து உள்ளே வந்திருக்கிறா.

கணவரிடம் காட்டினேன். அக்கா தெரியாமல் செய்திருப்பா, பெரிசாக்காதேயும் என்றார். நான் கதவுப் பூட்டை மாற்றினேன், புதிதாக இரண்டு டப்பி எடுப்பித்தேன். அந்த மூன்று மாதமும் மச்சாள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனா. நானும் கூப்பிடவில்லை.

முடிவு போனில் வந்தது. குறைத்தே ஆகவேண்டும் என்று சொல்லும் அளவை நன்றாகத் தாண்டியிருந்தது. போனைக் கையில் பிடித்தபடி மேலே போனேன். மச்சாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. வாசித்துக் காட்டினேன். தரைக்கடியில் ஒரு குழாயை இறக்கி, விசிறி பூட்டி, அந்தக் காற்றை வெளியே இழுத்துவிடலாம், பெரிய வேலை இல்லை என்றும் சொன்னேன். அவ கப்பைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நாலு வருசம் இருந்தனீர். செத்தே போனீர்?" என்று கேட்டா. "முதல்லை உம்மட மனிசனைச் சிகரெட்டை விடச் சொல்லும். பிறகு என்ரை வீட்டிலை பிழை பிடியும்."

அதில் பாதி உண்மை இருந்ததுதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது. "அவர் பிடிக்கிறபடியால்தான் உங்களிட்டைக் கேக்கிறன், மச்சாள்," என்றேன். அங்கே இருக்கப் பிடிக்காவிட்டால் வெளிக்கிடலாம் என்றா. வெளிக்கிட்டோம்.

கிங்ஸ்பரியில் இரண்டாம் மாடியில் ஓர் அறை கிடைத்தது. என்னால்தான் அக்காவோடு உறவு முறிந்தது என்று கணவர் பல நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. இதற்குள் மச்சாள் அந்தப் பேஸ்மென்டை மன்னாரிலிருந்து வந்த ஓர் இளம் சோடிக்கு வாடகைக்கு விட்டுவிட்டா என்றும், அவர்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். மச்சாள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அங்கே போய்க் கதவைத் தட்டினேன். குழந்தையை இடுப்பில் வைத்தபடி அந்தப் பெண்பிள்ளை வந்தாள். நான் யாரென்று சொல்லி, எங்களுக்கு வந்த முடிவையும் சொல்லி, என் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன்.

"அக்கா, உங்கட குடும்பச் சண்டையை எங்கட தலையிலை போடாதேங்கோ," என்றாள். "இந்த இடம் கிடைக்க நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது."

கதவு சாத்தப்பட்டது. பஸ் தரிப்பிடம் வரை அவளையும் திட்டிக்கொண்டுதான் நடந்தேன்.

ஆனால் நான் சொன்னதை அவள் தள்ளிவிடவில்லை. சில மாதம் கழித்து அவளே போன் எடுத்தாள். யாருக்கும் சொல்லாமல் தானே டப்பி வைத்துச் சோதித்ததாகவும், அதே முடிவு வந்ததாகவும் சொன்னாள். திருத்தித் தரும்படி மச்சாளிடம் கேட்டதற்கு, என்னுடைய பேச்சைக் கேட்டு ஆடுகிறாள் என்று ஏச்சு விழுந்திருக்கிறது. அதனால் கவுன்சிலுக்கு அறிவித்துவிட்டாள். ஆள் வந்து பார்த்துவிட்டு, திருத்தித்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்னை வாசலில் வைத்துப் பேசியதற்கு மனவருத்தம் என்றாள். பரவாயில்லை என்றேன்.

அன்று பின்னேரமே மச்சாள் என் கணவருக்கு போன் எடுத்தா. கவுன்சிலை ஏவிவிட்டது நான்தானாம், பொறாமை பிடித்தவளாம், இனித் தன் வீட்டுக்குத் தம்பி மட்டும் வந்தால் போதுமாம். கணவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஏவவில்லை என்று அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விசிறி பூட்டியாகிவிட்டது. பின்சுவரில் கூரை வரைக்கும் குழாய் ஏறுகிறதாம். திரும்பச் சோதித்தபோது அளவு நன்றாக இறங்கியிருந்ததாக அந்தப் பிள்ளை சொன்னாள். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கணவர் அக்கா வீட்டுக்குத் தனியாகப் போய்வருகிறார். சிகரெட்டை விடவில்லை.

போன மாதம் ஈஸ்ட் ஹாமில் ஒரு கலியாண வீட்டில் நான் இருந்த மேசைக்கு மச்சாள் தட்டோடு வந்தா. என்னைக் கண்டதும் மற்ற மேசைக்குப் போனா. பக்கத்தில் இருந்தவர் என்ன பிரச்சினை என்று கேட்டார். ஆரம்பத்திலிருந்து முழுவதையும் அவருக்குச் சொன்னேன், மச்சாளுக்குக் கேட்கும்படி.