என் குரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என் குரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ரவாங்கில் இருந்த அந்த நிறுவனம் செம்பனைச் சிறுதோட்டக்காரர்களுக்கு ஒரு செயலி நடத்தியது. குலை வெட்டியதும் கைப்பேசியில் பதிந்தால், லோரி வந்து ஏற்றிக்கொண்டு எண்ணெய் மில்லுக்குப் போகும். ஈஜோக் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் செயலியெல்லாம் சரிப்பட்டு வரவில்லை. நேராக போன் போடுவார்கள். தமிழில் பேச அங்கே நான் ஒருத்திதான். லோரியில் ஆரம்பித்து மகள் கல்யாணம் வரை பேசிவிட்டுத்தான் வைப்பார்கள். நான் வரும் என்று சொன்னால் லோரி வரும். அந்தப் பேரை எடுக்க டிரைவர்களோடு எவ்வளவு மல்லுக்கட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு தலைமை மாறியது. மறுபடியும் மாறியது. வந்த ஒவ்வொருவரும் முதல் வேலையாக லோகோவை மாற்றி, எங்களுக்குப் புது டி-சட்டை கொடுத்தார்கள். லோரிகளோ குறைந்துகொண்டே போயின. கூட்டத்தில் அதைக் கேட்டால், நெகட்டிவாகப் பேசாதே என்று வாயை அடைத்தார்கள். கடைசியாக வந்த மகராசன் செம்பனைக் குலையைப் படத்திலாவது பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான். போன் எடுக்க ஆள் எதற்கு, மெஷின் பேசட்டும் என்றார். "உங்க பழத்துக்கு லோரி ஏற்பாடு ஆகுது, கொஞ்சம் பொறுத்திருங்க" என்று என்னைப் பேசவைத்துப் பதிந்துகொண்டார்கள். அடுத்த மாதமே எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள்.

வெளியே வந்தபின்தான், லோரி இருக்கிறதோ இல்லையோ, யார் அழைத்தாலும் என் குரல் அதையே சொல்கிறது என்று தெரிந்தது. அதை எடுத்துவிடச் சொல்லி எங்கள் பழைய மேனேஜரிடம் கெஞ்சினேன். மேலே பலமுறை எழுதிவிட்டாராம், யாரும் பதில் போடவில்லையாம். பாவம், அவர் வேலையே ஆட்டம் கண்டிருந்தது. அவரை என்னவென்று திட்டுவது?

ஈஜோக்கில் ஓர் அக்கா இருந்தார். கணவர் போனபிறகு தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டவர். போனில் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவருடைய பழம் சாலையோரத்தில் கிடந்து அழுகுகிறது என்று காதில் விழுந்ததும், நான் குடியிருக்கும் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். குலைகள் கறுத்து, ஈ மொய்த்துக் கிடந்தன. நான் அங்கே வேலையில் இல்லை, அது பதிவு செய்த குரல் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"பக்கத்துல எல்லாரும் வேற லோரிக்குக் குடுத்துட்டாங்க. என்னையும் கூப்பிட்டாங்க லா, நாந்தான் போகல" என்றார் அக்கா. "வேற யாராச்சும் பொறுன்னு சொல்லியிருந்தா பொறுத்திருக்க மாட்டேன் தங்கச்சி. சொன்னது நீயாச்சே."

அழுதுவிட்டேன். அவர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த வெட்டுக்கு, தெரிந்த ஒரு கண்ட்ராக்டரைப் பிடித்து நானே லோரிக்குச் சொல்லிவைத்தேன். அக்காவுக்கு போன் போட்டு, கண்ட்ராக்டரின் நம்பரைக் கொடுத்து, காலையில் லோரி வரும் என்றேன். சரிம்மா என்றார், சந்தோஷம் என்றார். பிறகு அந்தக் கண்ட்ராக்டர் என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார்: நான் போனை வைத்ததுமே அக்கா அவரை அழைத்து, லோரி நிஜமாகவே வருகிறதா என்று கேட்டாராம்.