வந்ததும் படுத்துக்கொண்ட விருந்தாளிகள்

சோம்போர் ஊரில் கார் ஓட்டப் பழகியவர்களில் பாதிப்பேர் டிரைவிங் வாத்தியார் ரதோயேவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அவன் கெட்ட வார்த்தை பேசமாட்டான். திருத்துவான். கிளட்சில் ஆரம்பித்து, உட்காரும் விதம், முடி வெட்டிய அழகு என்று போய், மாமியாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதில் முடிப்பான். ஐம்பது தாண்டிய தனிக்கட்டை. ஞாயிறுதோறும் அம்மா வீட்டுக்குப் போனாலும் அந்த வியாதி விடாது. அம்மா மிலுங்கா சூப்பில் உப்புப் போடும்போது பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பான்.

அந்த அம்மா ஒருநாள் காலை சமையலறையில் விழுந்துவிட்டாள். பக்கவாதம். இடது கையும் காலும் துவண்டுபோயின, மூக்குக்கண்ணாடி நொறுங்கியது, நல்லவேளையாகப் பேச்சு தப்பியது. தப்பிய பேச்சு ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் தடம்புரண்டது.

"ரதோயே, இதென்ன மரியாதை? நம்ம வீட்டுப் புனிதர் திருநாளுக்கு வந்தவங்க ஒரு வாய் காப்பி குடிக்காம வந்ததும் படுத்துட்டாங்களே" என்றாள், வார்டில் இருந்த மற்ற ஐந்து கட்டில்களையும் காட்டி.

"அம்மா, இது ஆஸ்பத்திரி. அவங்க நோயாளிங்க. திருநாள் டிசம்பர்ல. இப்ப மே மாசம்."

அவன் சொன்னதில் ஒரு பிழை கிடையாது. ஆனால் சொல்லச் சொல்ல அவள் படபடத்துப் போனாள். கடைசியில் கையில் இருந்த ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்தாள். டாக்டர் வந்து பார்த்தார். பக்கவாதத்துக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படிப் புத்தி கலங்குவது உண்டு, கூடவே சிறுநீரில் தொற்றும் இருக்கிறது, மருந்து கொடுத்தால் மெல்லத் தெளியும் என்றார்.

வார்டை ஆண்டுவந்த நர்ஸ் யாகொதா அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"தம்பி, நீங்க அவங்களோட வழக்காடுறீங்க. இது கோர்ட் இல்ல. நீங்க யாரு, இது எந்த இடம்னு ஒருதடவை மெதுவாச் சொல்லுங்க. கேக்கலைன்னா விட்டுடுங்க. கையப் பிடிச்சுட்டு உக்காருங்க. கண்ணாடி இல்லாம அவங்களுக்கு ஒண்ணுமே தெரியல, அத முதல்ல செய்யக் குடுங்க."

கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு மறுநாள் வந்தான். வழக்காடாமல் இருப்பதற்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி அலைச்சலில் சவரம் செய்யாத தாடி வேறு மண்டிக் கிடந்தது. திருநாள் ரொட்டியை வெட்ட வீட்டுக்கு வரும் பாதிரியாருக்கும் அப்படித்தான் தாடி. மிலுங்கா அதை உற்றுப் பார்த்தாள்.

"வாங்க சாமி. ரொட்டிய சட்டுனு வெட்டிடுங்க. என் மகன் வந்துட்டா, கத்திய எப்படிப் பிடிக்கணும்னு உங்களுக்கே பாடம் எடுப்பான்."

"நான் ரதோயேம்மா" என்றான் மெதுவாக.

"உங்களுக்கும் அதே பேரா? உங்க அம்மா பாவம்."

பக்கத்துக் கட்டில் எதெல்கா பாட்டி போர்வைக்குள் குலுங்கினாள். ரதோயேவுக்குக் காது சிவந்தது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"தங்கமான பிள்ளைதான் சாமி" என்று தொடர்ந்தாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை தவறாம வந்து குழாயைச் சரிபண்ணுவான். திங்கக்கிழமை நான் குழாய்க்காரனக் கூப்பிட்டு மறுபடி சரிபண்ணுவேன். அவன்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு ஒடஞ்சிருவான்."

வாஷர்தான் மட்டமான சரக்கு என்பது அவன் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினான். தாடிக்குள் கண்ணீர் இறங்கியதை அவள் பார்க்கவில்லை.

அன்றைய சாப்பாட்டையும் அவள் தொடவில்லை. விருந்தாளி சாப்பிடாமல் வீட்டுக்காரி சாப்பிடுவதா? முன்பாயிருந்தால் ரதோயே விளக்கம் சொல்லியிருப்பான். இப்போது எழுந்து எதெல்காவிடம் போனான்.

"பாட்டி, நீங்க சாப்பிட்டாச்சுன்னு எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

எதெல்கா உண்மையிலேயே சாப்பிட்டிருந்தாள். "வயிறு நிறைஞ்சிடுச்சு மிலுங்கா" என்றாள். "உப்புதான் துளி கம்மி."

"உப்பு கம்மியா?" மிலுங்கா முகம் கடுத்தது. "குடுங்க, நானே பாக்குறேன்." ருசி பார்க்க ஆரம்பித்தவள் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் வைத்தாள். உப்பு சரியாக இருந்ததாம்.

மருந்து வேலை செய்தது. புதுக் கண்ணாடியும் வந்தது. இடையில் ஒரு சாயங்காலம் மறுபடி குழம்பி, ஜன்னலோரத்துக் கட்டில்காரிக்கு மாப்பிள்ளை பார்த்தாள். அடுத்த வாரம் ரதோயே சவரம் செய்துகொண்டு போன ஒரு காலையில், "ஏண்டா இப்படி இளைச்சுக் கெடக்கே?" என்று கேட்டாள். அவன் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். என்ன ஆயிற்று இவனுக்கு என்று அவள் எதெல்காவைப் பார்த்தாள்.

டிஸ்சார்ஜ் அன்று தன் பயிற்சிக் காரிலேயே அழைத்துப் போனான். வாத்தியார் இருக்கையில் உட்கார்ந்தவளின் நல்ல காலுக்குக் கீழே இன்னொரு பிரேக் இருந்ததை அவன் மறந்துபோனான். முதல் திருப்பத்திலேயே கார் குலுங்கி நின்றது. பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடித்தன.

"அம்மா, அதுல கால வைக்கக் கூடாது."

"வேகமாப் போறே. திரும்பும்போது இப்படியா திரும்புவாங்க?"

ரதோயே வாயைத் திறந்தான், மூடினான், முதல் கியரைப் போட்டான்.

இடது கை முழுதாகத் திரும்பவில்லை. அவன் தன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அம்மாவோடு வந்துவிட்டான். இப்போது அவள் ஒரு கையால் மாவு பிசைகிறாள், அவன் பாத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். தண்ணீர் கூடிவிட்டது என்று அவன் சொல்லாத நாள் இல்லை. ஆனால் முன்னைப்போல இல்லாமல், ஒருதடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறான்.