நாலு நட், ஐந்து நட்

எங்கள் அண்ணா மன்னாரில் பிறந்தார். எண்பதுகளின் நடுப்பகுதியில் அகதியாகக் கனடாவின் மொன்றியல் வந்து, சென்ட் லோரன்டில் ஒரு கராஜில் இருபது ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்தார். திருத்திய காரைத் தானே முதலில் ஓட்டிப் பார்ப்பார். பிரேக்கில் திருப்தி வரும்வரை திறப்பை உரியவரிடம் கொடுக்கமாட்டார்.

அவருடைய ஒரே ஆடம்பரம் ஒரு பழைய அமெரிக்கக் கார். வந்தவர்கள் அதை மசில் கார் என்பார்கள். "மசில் இல்லை, போனி" என்று அண்ணா திருத்துவார். மசில் கார் என்றால் நடுத்தர உடம்பில் மிகப் பெரிய எஞ்சின். அச்சும் அதற்கேற்பக் கனமானது. போனி சிறியது, இலேசானது. மூக்கு நீளம், வால் குட்டை. தோற்றத்தில் வேகம் இருக்கும். உள்ளே சாதாரண எஞ்சினும் இருக்கலாம். அண்ணாவுடையதில் ஆறு சிலிண்டர், ஒவ்வொரு சில்லையும் அச்சோடு பூட்ட நாலு நட். அதே கார் எட்டு சிலிண்டரோடு வந்தால் அச்சும் பிரேக்கும் பெரிது, நட் ஐந்து.

பனிக்காலத்தில் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, இருபது வயது மகன் பழைய எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வாங்கிக் காரில் பூட்டினான். அப்பா வீடு திரும்பும்போது காட்டி மகிழ்விக்க நினைத்தான்.

அவருடைய தங்கை நான், முன்பு பத்திரிகையில் வேலை செய்தவள். போய்க் காரைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

"நல்லாய்ப் பூட்டியிருக்கிறான் அண்ணை. சத்தம் தெரு முழுக்கக் கேக்குது."

"சத்தத்தை விடு. சில்லில எத்தினை நட்?"

"எண்ணேல்லை."

"பேப்பரில வேலை செய்தனியாம்! போய் எண்ணிப்போட்டு வா."

நாலு.

கேட்டதும் சேலைன் குழாயோடு எழும்ப முயன்றார். முடியவில்லை. நான் மகனை அழைத்து, தொலைபேசியை அவர் காதில் பிடித்தேன்.

"தம்பி, உந்த எஞ்சினுக்கு அந்தப் பிரேக் காணாது. அச்சை மாத்து, பேந்து ஓடு."

"மெதுவாத்தான் ஓடுவன் அப்பா."

"மெதுவா ஓடவோடா எட்டுச் சிலிண்டர் பூட்டினனி?"

அதற்கு மேல் மூச்சு வரவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கெஞ்சினார்: "பிள்ளை, ரோட்டரைக் கழட்டிக்கொண்டு வா." சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பகிரும் சிறு துண்டு அது, இல்லாவிட்டால் எஞ்சின் பிடிக்காது. கழற்றும் விதத்தை வரைந்து தந்தார். மகன் துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் கழற்றினேன். எந்த உதிரிப்பாகக் கடையிலும் அதை வாங்கலாம். அண்ணாவுக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும்.

அண்ணா காலமான அன்று தலையணைக்கடியில் அதைக் கண்டெடுத்து என்னிடம் தந்த தாதி, என்ன இது என்று கேட்டார். எனக்குப் பிரெஞ்சில் சொல்லத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்ததும் மகன் வந்தான்.

"மாமி, அதைத் தாங்கோ."

"எத்தினை நட்?"

"நாலுதான். அப்பாவே இல்லை, இனி என்ன மாமி?"

கொடுக்கவில்லை. அவன் இன்னும் கடையில் வாங்கவும் இல்லை. எத்தனை நாள் வாங்காமல் இருப்பான் என்று தெரியவில்லை.

நோய்க்காலத்தில் சாப்பாடு கொண்டுவந்த தேவாலயப் பங்கு மக்களுக்கும், அண்ணாவின் வேலையையும் சேர்த்துச் செய்த கராஜ் நண்பர்களுக்கும், தாதியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களிடம் இன்னும் ஓர் உதவி கேட்கிறேன். மகனுக்குத் தமிழ் வாசிக்க வராது. அண்ணாவின் இந்த நினைவு மலர் கைக்குக் கிடைத்தவர்களில் யாராவது, தயவுசெய்து, இன்றே இதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். ரோட்டர் என் கைப்பையில் இருக்கிறது. ஐந்து நட் பூட்டிய அன்று வந்து வாங்கிக்கொள்ளட்டும்.