மேனேஜர் கண்ட கிரேக்க ரொட்டி

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் செங்கம் ரோட்டில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே பக்கத்திலிருந்த ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களால்தான் எங்கள் பிழைப்பு. ஒரு மார்கழியில் பக்கத்துக் கடையை ஒரு கிரேக்கப் பெண்மணி வாடகைக்கு எடுத்துச் சாப்பாட்டுக் கடை போட்டார். உட்கார இடம் கிடையாது. ஜன்னல் வழியாகப் பார்சல் மட்டும்தான்.

"கிரேக்கச் சாப்பாடுனா என்ன சார்?" என்று எங்கள் மேனேஜரைக் கேட்டேன். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"எல்லாம் வேகவெச்சதும்மா. பேஷன்ட் சாப்பாடு."

மத்தியானம் இரண்டு பேரும் போய் வாங்கினோம். மெத்தென்ற ரொட்டி, உள்ளே கொண்டைக்கடலை வடை, வெள்ளரிக்காய், பூண்டு போட்ட கெட்டித் தயிர்.

"வடையும் பச்சடியும். இதுக்கா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தாங்க?" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் காகிதத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். "வயிறு ஒரு மாதிரி இருக்கு, நீ சாப்பிடும்மா" என்று வீட்டுச் சாப்பாடு என் மேஜைக்கு வந்துவிடும். அவர் மனைவியின் வத்தக்குழம்பில் நான் ஒரு சுற்றுப் பெருத்தேன்.

ஒருநாள் அந்த அக்காவே ஆபீசுக்கு வந்துவிட்டார். கணவர் ஜன்னலோரம், மீசையில் தயிரோடு. அவருடைய டிபன் பாக்ஸ் என் முன்னால், பாதி காலியாக.

"நல்லா இருக்காம்மா?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா." வேறென்ன சொல்ல?

"ஏங்க, எனக்கும் ஒண்ணு வாங்குங்க."

நின்றபடியே நிதானமாக மென்றார். மேனேஜர் பரீட்சை எழுதினவர் மாதிரி முகத்தையே பார்த்தார்.

"பூண்டு ஜாஸ்தி. மத்தபடி நல்லாத்தான் இருக்கு. நாளையிலேர்ந்து இங்கயே சாப்பிட்டுக்கோங்க."

சாருக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நான் என் வீட்டு டிபன் பாக்ஸைத் திறந்தால் ஏதோ ஃபைல் தேடுகிற சாக்கில் பக்கத்தில் வந்து நிற்பார். "புளிசாதமாம்மா?" குரலே இறங்கியிருக்கும்.

மறுபடி சாப்பாடு கட்டித் தரச் சொல்லி வீட்டில் கேட்டுப் பார்த்திருக்கிறார். அக்கா அதற்குள் தையல் கிளாஸில் சேர்ந்துவிட்டாராம். "காலையில எனக்கு ஏதுங்க நேரம்?"

பங்குனி வெயிலில் கிரேக்கத்து அம்மா கடையை மூடிக்கொண்டு ஊருக்குப் போனார். மறுநாள் மேனேஜர் பெருமையாக ஒரு டப்பாவைத் திறந்தார். அவரே செய்த எலுமிச்சை சாதம். கட்டி கட்டியாக இருந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

"அப்போ நாளைக்கு உனக்கும் சேர்த்துக் கொண்டாரேன்" என்றார்.