செப்டிக் டேங்கை மூடச் சொன்ன கரடி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மடையன். சாதாரண மடையன் இல்லை, கையில் ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருந்த மடையன். இதை வீட்டில் சொன்னபோது, "இதக் கண்டுபிடிக்க ரிட்டயர் ஆக வேண்டியிருந்துச்சாக்கும்" என்று கேட்டுவிட்டு என் மனைவி சீரியலுக்குத் திரும்பிவிட்டாள்.

திருநெல்வேலி மாநகராட்சியில் நான் ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினியர். பாதிக் காலம் குடிநீர்ப் பிரிவில் இருந்து வீடுகளுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தேன். மீதிக் காலம் பாதாளச் சாக்கடைப் பிரிவில் இருந்து அதே தண்ணீரை வெளியே அனுப்பினேன். இரண்டிலும் எனக்கு நல்ல பெயர் இல்லை. புதிதாக ஜே.இ. ஆகி வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் சொல்ல இருப்பது ஒரே ஒரு விஷயம்தான். அதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு குடும்பத்தைச் செலவழித்தேன்.

1. ஒரே விசிட்

வீட்டுக்குச் சாக்கடை இணைப்பு கொடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மேலே இருந்து சாங்ஷன், அதாவது அனுமதி. பிறகு ரோட்டை வெட்டிக் குழாய் பதித்து, கழிப்பறை லைனை அதில் திருப்பி, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்போம். கடைசியாகத்தான் பழைய செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்து, மண்ணைப் போட்டு மூடச் சொல்லி, மூடியாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். ஆக, ஜே.இ. ஒரு வீட்டுக்கு இரண்டு தடவை போகவேண்டும்.

நான் ஒரு தடவையாகக் குறைத்தேன். விண்ணப்பம் கொடுத்ததுமே, "டேங்கை மூடிப்போட்டு என்னக் கூப்பிடுங்க, வந்து ரெண்டையும் சேத்து எழுதிருதேன்" என்பேன். இதை ஒரு பெரிய நிர்வாகச் சீர்திருத்தமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச காலம் ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை. சாங்ஷன் பத்து நாளில் வந்துவிடும், அதுவரை ஜனங்கள் பக்கத்து வீட்டுக் கழிப்பறையை வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள்.

தச்சநல்லூர்ப் பக்கம் ஒன்றரை சென்ட் வீடு நூர்ஜகானுடையது. கணவர் சாகுல் பாய் சவூதியில், தம்மாமில் இருபது வருஷம் தையற்கடையில் இருந்துவிட்டு, இனிப் போவதில்லை என்று ஊருக்கு வந்திருந்தார். வாசலை ஒட்டி செப்டிக் டேங்க். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு யோசனையும் வந்தது. கேட்காமலே யோசனை சொல்வதுதான் என் வியாதி.

"பாய், இத மூடிட்டா ரோட்டுமேல எடம். இங்கனயே கடையப் போட்டுரலாம்லா?"

சாகுல் பாய் மனைவியைப் பார்த்தார். "இன்ஜினியர் சாரே சொல்லுதாரு."

இரண்டே நாளில் கட்டட இடிசலைக் கொட்டி மூடினார்கள். அதே வாரத்தில் மேலே சிமெண்ட் தளம், மூன்று பக்கம் ஹாலோபிளாக், தகரக் கூரை, இரண்டு தையல் மெஷின். நான் போய், மூடியாயிற்று என்று எழுதி, ஸ்டாம்ப் வைத்து, பைலை என் டிராயரில் போட்டேன். மறுநாள் மேலே அனுப்புவதாக உத்தேசம்.

2. கரடி

மறுநாள் நான் கரடி ஆகிவிட்டேன்.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் போடுவதாக நேர்ந்திருந்தேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கறுப்புச் சடையும் முகமூடியுமாக எங்கள் செட்டோடு தெருத்தெருவாகக் காணிக்கை எடுக்கப் போனேன். நூர்ஜகான் தெருவுக்கும் போனோம். முகமூடி தந்த தைரியத்தில் அவர்கள் வாசலிலும் இரண்டு குதி குதித்தேன். அந்தம்மா தட்டில் பத்து ரூபாய் போட்டுவிட்டுக் கரடியை உற்றுப் பார்த்தார்கள்.

"சார்தான? நடையப் பாத்தாலே தெரியுதே. எங்க பைலு என்னாச்சு சார்?"

கரடிக்குப் பேச்சு வந்தது. "டிராயர்ல பத்திரமா இருக்கும்மா."

கடைக்குள்ளிருந்து சாகுல் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் முகமூடிக்குள் சிரித்தேன். அவர்கள் வீட்டு வாசலில் நான் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

3. வெட் வெல்

தசரா முடிந்து ஆபீசுக்குப் போனேன். என் மேலதிகாரி ஏ.இ. தலையைத் தூக்காமலே, "வாரும்வே கரடி. இதப் படியும்" என்று ஒரு ஆர்டரை நீட்டினார். எங்கள் மண்டலத்துப் பம்பிங் ஸ்டேஷன் இனித் தாங்காது. பெரிய மோட்டாரும் புதிய பம்பிங் மெயின் குழாயும் வரும்வரை புது இணைப்பு கிடையாது. சாங்ஷன் ஆகாத விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பவும்.

நம்பாமல் நேரே பம்பிங் ஸ்டேஷனுக்குப் போனேன். ஆபரேட்டர் சுடலை என்னை வெட் வெல் விளிம்புக்குக் கூட்டிப் போனார். ஊர்ச் சாக்கடை எல்லாம் வந்து விழுகிற கிணறு அது.

"எட்டிப் பாருங்க சார். ரெண்டு மோட்டாரும் சேந்து ஓடுது, லெவல் எறங்க மாட்டேங்கு. நீங்க வீடு வீடா கனெக்‌ஷனக் குடுத்துட்டுப் போயிருதீக. வாரத நான்லா தள்ளணும்."

"கரண்ட் போச்சுன்னா?"

"தெருவுல மேன்ஹோல் மூடி எந்திரிக்கும். அங்க இருந்து ஓடைக்குப் போவும். ஓடை எங்கன போவுதுன்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டாம். தாமிரபரணிக்குத்தான். அந்த ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் அனுப்பித்தான் நான் பாதிச் சம்பளம் வாங்கியிருந்தேன். ஆர்டரில் தப்பில்லை. டிராயரில்தான் தப்பு.

ஏ.இ.யிடம் திரும்பி வந்து, "சார், முந்தின தேதி போட்டு ஒண்ணே ஒண்ணு..." என்று இழுத்தேன்.

"ஒரு வீடுதானன்னு நெனச்சு நெனச்சுத்தான்வே கெணறு நெறஞ்சுது" என்றார்.

4. எங்கன?

நூர்ஜகானிடம் விஷயத்தைச் சொன்னபோது அந்தம்மா சத்தம் போடவில்லை.

"மேலத்தெரு மண்டபத்துக்குப் போன மாசந்தான குடுத்தீக? அங்கன ஒரு முகூர்த்தத்துக்கு எத்தன பேரு கை கழுவுதாக? எங்க வீட்ல மூணு பேரு சார்."

என் ரிஜிஸ்தரில் மண்டபமும் ஒரு இணைப்பு, அவர்கள் வீடும் ஒரு இணைப்பு. அப்படித்தான் எண்ணினோம். மண்டபத்துப் பந்தியில் எனக்கு ஒரு இலை போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாயசம் நன்றாக இருந்தது.

சாகுல் பாய் தையலை நிறுத்தவில்லை. "ஒரு வழி சொல்லுங்க சார்."

"டேங்கத் திரும்பத் தோண்டிருவோம் பாய்."

"எங்கன?"

கேட்டுவிட்டுத் தன் காலடியைப் பார்த்தார். மெஷின் நின்ற இடம்தான். அந்த ஒன்றரை சென்ட்டில் வேறு இடம் கிடையாது.

மூன்று மாதம் பக்கத்து வீட்டுக்கு வாளியோடு போய் வந்தார்கள். முதல் மாதம் அந்த வீட்டில் முகம் கொடுத்தார்கள், இரண்டாம் மாதம் கதவை மட்டும் திறந்தார்கள். ப்ளஸ் டூ படித்த மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாளாம். அதை நூர்ஜகான் என்னிடம் புகாராகச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாகுல் பாயே தகரத்தைக் கழற்றினார். நானும் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. தூக்கிய ஒரு கல்லையும் காலில் போட்டுக்கொண்டேன். நான் மூடச் சொன்னதால் கொட்டிய அதே இடிசல் கூடை கூடையாக வெளியே வந்தது. அவர் எனக்கு ஒரு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

"குடிங்க சார். நீங்க வேணும்னா செஞ்சீக?"

அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வேறு இடத்தில் கடையை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. ஒரு மெஷின் விலைக்குப் போயிற்று. ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் தம்மாமுக்கு விமானம் ஏறினார்.

5. ஆர்வக்கோளாறு

நான் ரிட்டயர் ஆன பிறகு பெரிய மோட்டார் வந்தது, புதிய மெயின் பதித்தார்கள், தடையையும் எடுத்தார்கள். அந்த ஆர்டரை ஒரு பழைய சிநேகிதன் போனில் வாசித்துக் காட்டினான்.

பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது இதுதான்: புதுக் குழாயில் தண்ணீர் ஓடுவதை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை யாருடைய பழைய தொட்டியையும் மூடச் சொல்லாதீர்கள். இரண்டு தடவை போங்கள். பெட்ரோல்தான் செலவு.

ஆனால் கிழவனானாலும் வியாதி போகுமா? ஒரு விண்ணப்பப் படிவத்தை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன். நூர்ஜகான் வாசலில், டேங்க் ஸ்லாப்பின் மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எம்மா, கனெக்‌ஷன் தொறந்தாச்சு. டேங்க மூடிட்டு, பாய்க்கு ஒரு போனப் போடுங்க. கடையத் திரும்ப இங்கனயே வச்சுரலாம், பொறப்பட்டு வரட்டும்."

அந்தம்மா படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்கள். நாலாக மடித்தார்கள்.

"மொதல்ல ஓடட்டும், சார்."